சாமிக்கு அமீனா கிடையாது

புரட்டாசி பிறந்துவிட்டால் திருச்செந்தூர்ப் பக்கத்துச் சாலைகளில் காளியும் குறத்தியும் ராஜாவும் எமனும் நடமாடத் தொடங்கிவிடுவார்கள். குலசேகரன்பட்டினம் முத்தாரம்மன் கோயில் தசராவுக்கு மாலை போட்டவர்கள் அவர்கள். சிலருக்கு 48 நாள் விரதம், சிலருக்கு 41, முடியாதவர்களுக்கு 21 அல்லது 11. கொடி ஏறியதும் கையில் காப்புக் கட்டிக்கொண்டு, நேர்ந்துகொண்ட வேஷத்தைப் போட்டு, வீடு வீடாகவும் கடை கடையாகவும் போய்க் காணிக்கை வாங்க வேண்டும். பத்தாம் நாள் ராத்திரி கடற்கரையில் மகிஷாசுரன் விழுந்த பிறகு, வாங்கியதை அம்மன் உண்டியலில் சேர்த்தால்தான் கடன் தீரும்.

சொந்தத்தில் லாரி வைத்திருப்பவர் கந்தலைச் சுற்றிக்கொண்டு பஸ் ஸ்டாண்டில் கை நீட்டுகிறார். காளி வேஷக்காரர் சடைமுடியையும் கிரீடத்தையும் முதுகுப் பலகையில் கட்டிய கைகளையும் சுமந்து வெயிலில் நடக்கிறார். நெற்றிப் பட்டை வியர்வையில் நனைந்து தோலை அறுக்கிறது, அவர் கழற்றுவதில்லை. பிள்ளைக்கு உடம்பு தேற வேண்டும் என்று எப்போதோ ஒரு ராத்திரி மனசுக்குள் சொன்ன சொல் அது. பக்கத்தில் படுத்திருந்தவருக்கும் கேட்டிருக்காது. பிள்ளை தேறிவிட்டான். இனி அவர் வராமல் இருந்தால் யார் கேட்கப்போகிறார்கள்? சம்மன் வராது, ஜப்தி நடக்காது, வாசலில் வந்து தண்டோரா போட அமீனா யாரும் கிடையாது. ஆனாலும் வருகிறார்.

இதே கரையில் கோர்ட்டுப் படி ஏறி இறங்கி ஓய்ந்தவர்கள் சொல்லும் சொல் ஒன்று உண்டு: "அம்மை பாத்துக்கிடுவா." இதை இயலாமையின் சொல் என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் அதற்குள் சட்டத் தத்துவத்தின் மிகப் பழைய கேள்வி ஒன்று இருக்கிறது. ஊரில் தீர்ப்புச் சொன்னவருக்கு மேலே ஒருவர் இருக்கிறாரா? இருந்தால் அவர் சொல்லுக்கு இங்கே உள்ளவர்கள் ஏன் கட்டுப்பட வேண்டும்? ஆள் படை இல்லாத ஒருவரின் சொல்லுக்கு எங்கிருந்து பலம் வருகிறது? ஹேக் நகரத்துத் தீர்ப்பாயங்களையும் ஜெனீவா குழுக்களையும் பற்றிச் சட்ட அறிஞர்கள் கேட்கிற கேள்வியும் இதுவேதான். முத்துக்குளித்துறைக்கு அதில் நேரடி அனுபவம் நிறைய உண்டு.

கடல் தாண்டி முறையிடுவது இந்தக் கரைக்குப் புதிதே அல்ல. 1530-களில் முத்துச் சலாபத்தில் எழுந்த தகராறில் உள்ளூரில் துணை கிடைக்காத பரதவர்கள், கொச்சியில் இருந்த போர்த்துக்கீசியரிடம் தூது போனார்கள். கேட்ட பாதுகாப்போடு ஒரு மதமும் வந்தது. குலசேகரன்பட்டினத்தை ஒட்டிய மணப்பாட்டில் குன்றின் மேல் நிற்கும் திருச்சிலுவைக் கோயில் அந்த முறையீட்டின் நீண்ட நிழல். வெளியே இருப்பவரிடம் நியாயம் கேட்கப் போனால், அவர் தம்முடைய சட்டத்தையும் தம்முடைய சாமியையும் சேர்த்துக் கொண்டுவருவார் என்பதை இந்தக் கரை அன்றே பார்த்துவிட்டது.

குலசேகரன்பட்டினத்தின் பெயர் வழக்கேடுகளில் ஏறியது 1942-ல். 'வெள்ளையனே வெளியேறு' போராட்டத்தின்போது ஊரின் உப்பளத்தில் உப்பு இலாகா அதிகாரி லோன் கொல்லப்பட்டார். லோன் துரை கொலை வழக்கு, குலசேகரன்பட்டினம் சதி வழக்கு என்றெல்லாம் பேசப்பட்ட அந்த வழக்கில் காசிராஜன், ராஜகோபாலன் என்ற இரண்டு இளைஞர்களுக்குத் தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. தமிழ்நாடே கொதித்தது. கடைசியில் இருவர் கழுத்திலும் கயிறு விழவில்லை. நாடு விடுதலையை நெருங்கியபோது வெளியே வந்தார்கள். 'தூக்குமேடை' என்ற அடைமொழி மட்டும் ராஜகோபாலன் பெயரோடு ஒட்டிக்கொண்டது.

அந்த ஆண்டுகளில் பிரிட்டிஷ் அரசு 1942-ம் ஆண்டின் அவசரச் சட்டம் ஒன்றின் கீழ், மேல்முறையீட்டு உரிமையைப் பெரிதும் குறைத்த தனிக் குற்றவியல் நீதிமன்றங்களை நாட்டின் பல பகுதிகளில் அமைத்தது. டெல்லியில் இருந்த ஃபெடரல் கோர்ட், 1943 ஜூனில் பெனோரி லால் சர்மா வழக்கில் அந்தச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகள் செல்லாது என்றது. அப்போது தலைமை நீதிபதி பொறுப்பில் இருந்தவர் சென்னை வக்கீல் உலகிலிருந்து போன எஸ்.வரதாச்சாரியார். யார் எந்த நீதிமன்றத்துக்கு என்பதை அதிகாரிகளின் விருப்பத்துக்கு விட முடியாது என்பது தீர்ப்பின் சாரம். மறுநாளே வைஸ்ராய் வேறொரு அவசரச் சட்டம் போட்டு, விதித்த தண்டனைகளுக்கு முட்டுக் கொடுத்தார். அத்தோடு நிற்காமல் அரசு லண்டனுக்கும் போனது. 1944 நவம்பரில் பிரிவி கவுன்சில், முதல் சட்டமே செல்லும், டெல்லி சொன்னது தவறு என்று புரட்டிப் போட்டது.

தூரத்தில் இருப்பவர் பாரபட்சம் இல்லாமல் பார்ப்பார் என்ற நம்பிக்கைக்கு இந்த வழக்கு ஒரு கடுமையான பாடம். போர்க்காலத்தில் அரசுக்கு என்ன தேவை என்பது லண்டனுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. விசாரணைக் கைதிக்கு என்ன தேவை என்பது டெல்லியில் இருந்த தமிழருக்குத்தான் தெரிந்தது.

பிரிவி கவுன்சில் நீதிக் குழு 1833-ல் ஒரு சட்டத்தால் உருவானது. அந்த நாட்களில் டவுனிங் தெருவில் கூடும். அங்கி, குல்லா எதுவும் இல்லாத நீதிபதிகள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து வாதம் கேட்பார்கள். அவர்கள் சொல்வதற்குத் தீர்ப்பு என்றுகூடப் பெயர் கிடையாது. மன்னருக்குப் பணிவோடு சொல்லும் ஆலோசனை என்றே எழுதுவார்கள். ஆலோசனை இரண்டாக இருக்கக் கூடாது என்பதால் நீதிபதிகளுக்குள் கருத்து வேறுபாடு இருந்தாலும் வெளியே ஒரே குரல்தான் வரும். ஆப்பிரிக்காவின் பழங்குடி நிலம், கனடாவின் ரயில், மதுரை ஜில்லாவின் கோயில் எல்லாம் அந்த ஒரே மேசைக்கு வந்தன. உலகம் இதுவரை கண்ட பல நாட்டு நீதிமன்றங்களில் இவ்வளவு மதங்களின் விவகாரத்தைத் தீர்த்தது வேறொன்று இருக்குமா என்பது சந்தேகமே.

1868-ல் அந்த மேசைக்கு ராமநாதபுரம் வந்தது. சேதுபதி ஜமீனில் கணவர் இறந்த பின் ராணி பர்வதவர்த்தினி நாச்சியார் ஒரு பையனைச் சுவீகாரம் எடுத்தார். கணவர் உயிரோடு இருந்தபோது அனுமதி தராமல் விதவை எடுத்த சுவீகாரம் செல்லாது, ஆகவே ஜமீன் சர்க்காருக்கே என்றார் மதுரை கலெக்டர். சாஸ்திர நூல்களைப் புரட்டி வாதம் நடந்தது. பிரிவி கவுன்சில் சொன்னது இன்றும் சட்டக் கல்லூரிகளில் முதல் வகுப்பிலேயே வருகிறது: இந்துச் சட்டத்தில், தெளிவாக நிரூபிக்கப்பட்ட வழக்கம் ஏட்டில் உள்ள எழுத்தைவிட வலுவானது. தென்னாட்டில் உறவினர் சம்மதம் இருந்தால் விதவை சுவீகாரம் எடுக்கலாம், எடுத்தது செல்லும். பையன் முத்துராமலிங்க சேதுபதி ஜமீனைக் காப்பாற்றிக்கொண்டார்.

தமிழில் 'வழக்கு' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள். உலக வழக்கு, ஊர் வழக்கு என்றால் மக்கள் நடந்து பழகியது. வழக்குப் போட்டார் என்றால் கோர்ட்டுக்குப் போனார். நடந்து பழகியதற்கும் நீதி கேட்பதற்கும் நம் மொழி ஒரே சொல்லை வைத்திருப்பது தற்செயல் என்று தோன்றவில்லை. ராமநாதபுரம் வழக்கில் லண்டன் நீதிபதிகள் தங்களுக்குத் தெரியாமலே தமிழ்ச் சொல்லின் இரண்டு முனையையும் சேர்த்துக் கட்டினார்கள். ஏடு தெரிந்தவர் சொல்வது சட்டம் என்ற நிலை போய், ஊர் வாழ்ந்து காட்டியது சட்டம் என்றாகியது. வெளியிலிருந்து வந்த நீதிமன்றம் உள்ளூருக்குச் செய்யக்கூடிய மரியாதை இதுதான் என்று எவரும் மகிழ்ந்திருக்கலாம்.

அதே 1868-ல் முத்துராமலிங்க சேதுபதிக்கு ஒரு மகன் பிறந்தார். பாஸ்கர சேதுபதி. விவேகானந்தர் சிகாகோ போகத் துணை நின்றவர் என்று தமிழர் நன்றியோடு நினைக்கும் அதே பாஸ்கர சேதுபதி.

1897 மே மாதம் கமுதி மீனாட்சி சுந்தரேஸ்வரர் கோயிலுக்குள் நாடார்கள் நுழைந்து வழிபட்டார்கள். கோயிலின் பரம்பரை அறங்காவலர் என்ற முறையில் பாஸ்கர சேதுபதி அவர்கள் மேல் மதுரையில் வழக்குப் போட்டார். சாட்சிகள் வந்தார்கள், ஆகமம் வந்தது, சாஸ்திரம் வந்தது, பனையேறுகிற தொழில் வந்தது. நாடார்களுக்கு நுழையும் உரிமை இல்லை என்று 1899 ஜூலையில் தீர்ப்பு. அதற்கு முந்தைய மாதம்தான் சிவகாசி பற்றி எரிந்திருந்தது. சென்னை உயர் நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. நாடார்கள் லண்டன் வரை போனார்கள். 1908-ல் பிரிவி கவுன்சிலும் கைவிரித்தது. இடையில் சமரசத்துக்கு வழி தேடப்பட்டதும் பலிக்கவில்லை. கோயிலின் வழக்கத்தைக் காப்பதுதான் அறங்காவலர் வேலை, அதை விட்டுக்கொடுக்க அவருக்கு அதிகாரம் இல்லை என்று சட்டம் குறுக்கே நின்றது.

தகப்பனின் ஜமீனைக் காத்தது வழக்கம். மகன் காலத்தில் கோயில் கதவை அடைத்ததும் வழக்கம். சொல் ஒன்று, மேசை ஒன்று, குடும்பமும் ஒன்று. வழக்கம் என்பது யாருடைய வழக்கம், யார் நினைவில் உள்ள வழக்கம், யார் வாயால் நிரூபிக்கப்பட்ட வழக்கம் என்று கேட்காத வரை அது வலுத்தவன் கைக்குப் போகும். வெளியூர் நீதிபதிக்கு ஊரைத் தெரிந்துகொள்ள ஒரே வழி சாட்சிக் கூண்டு. அந்தக் கூண்டில் யார் சொல்வது எடுபடும் என்பதை ஊரின் மேல்தட்டு ஏற்கெனவே முடிவு செய்துவைத்திருக்கும். கலெக்டரின் பேராசைக்கு எதிராக உள்ளூரை மதித்த நீதிமன்றம், உள்ளூருக்குள் இருந்த கொடுமையையும் அதே மரியாதையோடு ஏற்றுக்கொண்டது.

குலசேகரன்பட்டினத்தைச் சுற்றிய தேரிக்காட்டில் செம்மணலும் பனையும்தான். பனையேறி இறங்கும்போது நெஞ்சில் தேய்ந்து தேய்ந்து காய்ப்பேறிய தழும்பு அந்தப் பக்கத்து வயசாளிகள் பலரிடம் இன்றும் உண்டு. கமுதி வழக்கில் தகுதிக் குறைவு என்று வாதிடப்பட்டது அந்தத் தழும்பைத்தான். லண்டனில் உட்கார்ந்திருந்தவர்கள் அதைப் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் வேறு தீர்ப்பு வந்திருக்கும் என்று சொல்லிவிட முடியாது. தினமும் பார்த்துக்கொண்டிருந்த உள்ளூரே மாறவில்லையே. 1936-ல் திருவிதாங்கூர் ஆலயப் பிரவேசப் பிரகடனம், 1939 ஜூலை 8-ல் மதுரை மீனாட்சி கோயிலுக்குள் வைத்தியநாத ஐயர் அழைத்துச் சென்ற அரிசனத் தோழர்களும் ஒரு நாடாரும், அதே ஆண்டு வந்த சட்டம் என்று கதவு திறந்தது. எந்த மேல் கோர்ட்டும் திறக்கவில்லை.

தமிழ் மரபில் கடைசி நீதிபதி எப்படி இருந்தார் என்பதை இங்கே நினைத்துப் பார்க்கலாம். கோவலனைக் கொன்ற பிழை தெரிந்ததும் பாண்டியன் நெடுஞ்செழியன் அரியணையிலேயே உயிர் விடுகிறான். கன்றை இழந்த பசு மணி அடித்ததும் மனுநீதிச் சோழன் தன் மகனையே தேர்க்காலில் இடுகிறான். இந்தக் கதைகளில் மேல்முறையீடு கிடையாது. தீர்ப்புச் சொல்கிறவனின் உடம்பு தீர்ப்போடு கட்டப்பட்டிருக்கிறது. தவறினால் வலி அவனுக்கு. ராஜாவுக்கு மேல் ஒருவர் தேவைப்படாததற்கு அதுவே காரணம். டவுனிங் தெருவில் சொன்னவருக்கோ, இன்று ஹேக்கில் சொல்பவருக்கோ அந்த வலி கிடையாது. தூரம் பாரபட்சத்தைக் குறைக்கலாம். வலியையும் சேர்த்துக் குறைத்துவிடுகிறது.

அப்படியானால் தூரத்து நீதிமன்றமே வேண்டாமா? தூத்துக்குடிக்கு எதிர்க்கரையில் இருக்கும் தமிழர்களைக் கேட்டால் அவ்வளவு சீக்கிரம் ஆமாம் சொல்ல மாட்டார்கள்.

இந்தியா 1949 அக்டோபர் 10-ல் பிரிவி கவுன்சிலோடு கணக்கைத் தீர்த்துக்கொண்டது. சுதந்திர இலங்கை 1970-கள் வரை அந்தக் கதவை வைத்திருந்தது. சோல்பரி அரசியலமைப்பின் 29-ம் பிரிவு, ஒரு சமூகத்துக்கு மட்டும் பாதகமாகச் சட்டம் போடக் கூடாது என்றது. 1948 குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களான மலையகத் தமிழர் சார்பில் கோடகன்பிள்ளை வழக்கு லண்டன் போனது. யார் குடிமகன் என்று தீர்மானிப்பது நாட்டின் உரிமை, இதில் பாரபட்சம் இல்லை என்று 1953-ல் பிரிவி கவுன்சில் முடித்துவிட்டது. கண்டிச் சீமையில் தேயிலைக் கூடை சுமந்தவர்களுக்கும் கமுதியில் வாசலில் நின்றவர்களுக்கும் கிடைத்த பதில் ஏறத்தாழ ஒன்றே.

அடுத்து வந்தவர் கோடீஸ்வரன். அரசாங்க எழுதுவினைஞர். தனிச் சிங்களச் சட்டத்தின்படி சிங்களப் பரீட்சை எழுதாததால் சம்பள உயர்வு நிறுத்தப்பட்டது. சட்டமே செல்லாது என்று வழக்குப் போட்டார். 1964-ல் மாவட்ட நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. நீதிபதி ஒரு தமிழர் அல்ல என்பதைச் சொல்லியாக வேண்டும். 1967-ல் உச்ச நீதிமன்றம் மொழிப் பிரச்சினைக்குள் போகாமலே, அரசு ஊழியர் சம்பளத்துக்காக அரசின் மேல் வழக்குப் போட முடியாது என்று தள்ளியது. 1969-ல் லண்டன், போடலாம் என்றது; மொழிச் சட்டம் செல்லுமா என்ற கேள்வியை இலங்கை நீதிமன்றமே முதலில் கேட்டுப் பதில் சொல்லட்டும் என்று திருப்பி அனுப்பியது. மேல் நீதிமன்றம் கீழ் நீதிமன்றத்தை மதிக்கும் நல்ல முறைதான் அது. கேள்வி கொழும்புக்குத் திரும்பி வந்தது. அதற்குள் லண்டனுக்கான வழி அடைக்கப்பட்டது, 1972-ல் புதிய அரசியலமைப்பு வந்தது, 29-ம் பிரிவு போயே போய்விட்டது. கோடீஸ்வரன் கேட்ட கேள்விக்கு எந்த நீதிமன்றமும் பதில் சொல்லாமலே அந்த வழக்கு நின்றுபோனது.

பேரரசின் ஆணையால் வந்த மேல் நீதிமன்றம் பேரரசோடு போய்விடும். இன்றைய உலக நீதிமன்றங்கள் வேறு வகை. அவற்றுக்கு ஆணை கொடுக்க மன்னர் இல்லை. ஒவ்வொரு நாடும் தானே முன்வந்து, இந்த உடன்படிக்கைக்குக் கட்டுப்படுவேன் என்று கையெழுத்துப் போட்டால்தான் அவற்றுக்கு உயிர். வெளியே யாரும் கட்டாயப்படுத்துவதில்லை. பொழுது நன்றாக இருக்கும்போது கொடுத்த சொல், கஷ்டமான நாளில் கட்டுப்படுத்த வருகிறது. முத்தாரம்மன் சன்னதிக்கு வருகிறவர்களிடம் இதற்குப் பெயர் கேட்டால் உடனே சொல்வார்கள்: நேர்த்திக்கடன்.

அந்தக் கடனை ஒரு நாடு எப்படிப் பார்க்கிறது என்பதற்கு நல்லரத்தினம் சிங்கராசா வழக்கைவிடத் துலக்கமான ஒன்று தமிழர் வரலாற்றில் இல்லை. 1993-ல் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் கைதான அவருக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியாது. சிங்களத்தில் தட்டச்சு செய்த ஒப்புதல் வாக்குமூலம் அவர் முன் வைக்கப்பட்டது. அவர் கட்டைவிரலில் மை தடவி அதன் கீழே ஒற்றினார்கள். சித்திரவதை செய்து வாங்கியது என்று அவர் சொன்னார். நீதான் நிரூபிக்க வேண்டும் என்றது சட்டம். அந்தக் காகிதத்தை நம்பி 50 ஆண்டு சிறை. மேல்முறையீட்டில் 35 ஆனது. இலங்கை 1997-ல் ஐ.நா. மனித உரிமைக் குழுவுக்குத் தனிமனிதர் முறையிடலாம் என்ற விருப்ப உடன்படிக்கையை ஏற்றிருந்தது. சிங்கராசா முறையிட்டார். நிரூபிக்கும் பாரத்தைக் கைதியின் தலையில் வைத்தது நியாயமான விசாரணை ஆகாது என்று 2004-ல் குழு சொன்னது. அதை எடுத்துக்கொண்டு அவர் தரப்பு கொழும்பு உச்ச நீதிமன்றத்துக்குத் திரும்பியது.

2006-ல் உச்ச நீதிமன்றம் கொடுத்த பதில், அந்த உடன்படிக்கையை ஜனாதிபதி ஏற்றதே அரசியலமைப்புக்கு முரண் என்பது. நாடாளுமன்றம் சட்டம் போடாமல் வெளியே ஒரு குழுவுக்கு நீதி அதிகாரத்தைத் தர ஜனாதிபதிக்கு உரிமை இல்லையாம். சட்ட நுணுக்கத்தில் இதற்கு இடம் உண்டு. வெளிநாட்டோடு செய்யும் ஒப்பந்தம் தானாக உள்நாட்டுச் சட்டம் ஆகாது, நாடாளுமன்றம் உருமாற்றித் தர வேண்டும் என்பது பிரிட்டிஷ் மரபில் வந்த பெரும்பாலான நாடுகளில் உள்ள விதி, இந்தியாவிலும் அதுதான். ஆனால் உலகத்துக்கு முன் சொன்ன சொல்லை ஒன்பது ஆண்டு கழித்து, சொன்னவர் வாய் எங்கள் வாய் அல்ல என்று சொல்வது அந்த விதிக்குள் அடங்காத காரியம். விரதம் ஏற்றது குடும்பத் தலைவர்தான், வீட்டுக்குப் பொறுப்பில்லை என்று எந்தக் குடும்பமும் அம்மனிடம் சொன்னதாகக் கேள்விப்பட்டதில்லை.

இந்தியாவைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ளவும் முழுதாக முடியாது. அந்த விருப்ப உடன்படிக்கையில் இந்தியா இன்றுவரை சேரவே இல்லை. நம் ஊர்க் கைதி ஜெனீவாவுக்கு எழுத வழியே கிடையாது. ஆனால் அதற்கு அடிப்படையான மூல உடன்படிக்கையை 1979-ல் ஏற்றது. மறு ஆண்டே வி.ஆர்.கிருஷ்ணய்யர் ஒரு வங்கிக் கடன் வழக்கில் அதை எடுத்து வைத்தார். கடனைக் கட்ட வழியில்லாத ஏழையைச் சிறையில் போடக் கூடாது என்று உலகத்துக்குச் சொல்லியிருக்கிறோம். அது சட்டமாகாவிட்டாலும், உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 51-ம் பிரிவை அந்தச் சொல்லுக்குப் பொருந்தும்படி வாசிப்போம் என்றார். கெட்ட எண்ணத்தோடு ஏமாற்றுகிறவருக்குத்தான் சிறை, கையில் இல்லாதவருக்கு இல்லை என்று ஆனது. கொடுத்த வாக்கு செல்லுமா செல்லாதா என்று தேடுவதை விட்டு, அதைக் காப்பாற்ற எங்கே இடம் இருக்கிறது என்று தேடிய வாசிப்பு அது.

ஐரோப்பாவிலும் கதை இப்படித்தான் நகர்ந்தது. 1964-ல் மிலான் நகர வக்கீல் கோஸ்டா, 1,925 லிரா மின்கட்டணத் தகராறைப் பிடித்துக்கொண்டு ஐரோப்பிய நீதிமன்றம் வரை போக, ஐரோப்பியச் சமூகத்தின் சட்டம் நாட்டுச் சட்டத்துக்கு மேல் என்று அது சொல்லிவிட்டது. ஜெர்மனியின் அரசியலமைப்பு நீதிமன்றம் 1974-ல், அடிப்படை உரிமைகளை நீங்கள் எங்கள் அளவுக்குக் காக்காத வரை நாங்கள் சரிபார்ப்போம் என்றது. 1986-ல், காக்கும் வரை சரிபார்க்க மாட்டோம் என்று இறங்கி வந்தது. லக்சம்பர்க்கில் உள்ள அந்த நீதிமன்றத்துக்கும் போலீஸ் கிடையாது. நாட்டு நீதிபதிகள் ஏற்றுக்கொண்டதால்தான் அது மேல் நீதிமன்றம் ஆனது. மேலே இருப்பது கீழே இருப்பவர்களின் சம்மதத்தில் நிற்கிறது.

தென் கடலோர மீனவர் வீடுகளுக்கு இதெல்லாம் ஏட்டுச் செய்தியாக இல்லை. 2012 பிப்ரவரி 15 அன்று கேரளக் கரையிலிருந்து சுமார் 20 கடல் மைலில் 'செயின்ட் ஆன்டனி' என்ற மீன்பிடிப் படகை நோக்கி, 'என்ரிகா லெக்சி' என்ற இத்தாலிய எண்ணெய்க் கப்பலில் காவலுக்கு இருந்த கடற்படையினர் சுட்டார்கள். இரண்டு மீனவர்கள் செத்தார்கள். ஒருவர் கொல்லத்துக்காரர், இன்னொருவர் குமரி மாவட்டத்து இளைஞர். படகும் குமரி மாவட்டத்துக்காரருடையது. நம் கடல் எல்லை 12 மைல். அதற்கு வெளியே நடந்த சாவை விசாரிப்பது யார்? கேரள போலீஸா, டெல்லியா, ரோமா? 2013-ல் உச்ச நீதிமன்றம் கேரளத்துக்கு அதிகாரம் இல்லை, மத்திய அரசு தனி நீதிமன்றம் அமைக்கட்டும் என்றது. இத்தாலி கடல் சட்ட உடன்படிக்கையின் கீழ் முறையிட்டது. 2015 ஆகஸ்டில் ஹம்பர்க்கில் உள்ள கடல் சட்டத் தீர்ப்பாயம் இரு நாடுகளும் விசாரணைகளை நிறுத்தி வைக்கட்டும் என்றதும் நம் உச்ச நீதிமன்றம் நிறுத்தி வைத்தது. கடல் கடந்து வந்த ஒரு சொல்லுக்கு, கட்டாயப்படுத்த யாருமில்லாமல், நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றம் கட்டுப்பட்டது.

2020-ல் ஹேக்கில் நடுவர் தீர்ப்பாயம் சொன்னது இரண்டு: அந்தக் கடற்படையினருக்கு அரசு ஊழியர் என்ற விலக்கு உண்டு, இந்தியா விசாரிக்க முடியாது, ஆனால் இந்தியாவின் கடற்பயண உரிமையை இத்தாலி மீறியது, இழப்பீடு தர வேண்டும். ஐந்து நடுவர்களில் மூவர் விலக்கு உண்டு என்றும் இருவர் இல்லை என்றும் நின்றார்கள். மத்திய அரசு அதை ஏற்று, வழக்கை முடிக்கும்படி உச்ச நீதிமன்றத்தைக் கேட்டது. உச்ச நீதிமன்றம் உடனே முடிக்கவில்லை. முதலில் குடும்பங்களுக்கு இழப்பீடு வரட்டும், அவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று கேட்போம் என்று கதவைப் பிடித்துக்கொண்டு நின்றது. 10 கோடி ரூபாய் வந்து சேர்ந்த பிறகு, 2021 ஜூன் 15 அன்று வழக்கு மூடப்பட்டது. இரண்டு குடும்பங்களுக்கும் 4 கோடி வீதம், படகு உரிமையாளருக்கு 2 கோடி.

ஹேக்கில் நாடுகள்தான் கட்சிக்காரர்கள். செத்தவரின் மனைவிக்கு அங்கே நாற்காலி கிடையாது. அவர்களுக்கு நாற்காலி போட்டது இங்கே உள்ள நீதிமன்றம். வெளியே சொன்ன சொல்லை மீறவும் இல்லை, உள்ளே இருப்பவரை விட்டுவிடவும் இல்லை. கமுதியிலும் கொழும்பிலும் நடக்காதது இங்கே ஓரளவு நடந்தது. கொலைக்கு விசாரணை நம் மண்ணில் நடக்கவில்லை என்ற குறை குடும்பங்களுக்கு இருக்கத்தான் செய்யும். பணம் அதை ஆற்றாது. ஆனாலும் மேலுள்ள நீதிமன்றமும் கீழுள்ள நீதிமன்றமும் எப்படிச் சேர்ந்து நடக்கலாம் என்பதற்கு நம் கரையிலிருந்து ஓர் உதாரணம் கேட்டால் இதைத்தான் காட்ட முடியும்.

அதோடு அது முடிந்தும் விடவில்லை. அன்று அந்தப் படகில் இருந்து பிழைத்த மற்ற மீனவர்கள், பங்கு கேட்டு உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்கள். பக்கத்தில் நின்றவன் குண்டடிபட்டு விழுந்ததைப் பார்த்தவர்கள் அவர்கள். உயிர் போனவருக்குக் கணக்கு எழுதினீர்கள், படகுக்கு எழுதினீர்கள், அந்தப் படகில் இருந்த எங்களுக்கு என்ன என்று கேட்டார்கள்.